பாதுகாப்புக் காரணி 2.0: எதன் மீது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேஸ்மெண்ட் தோண்டிய பள்ளம் சரிந்து பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்தால், மறுநாள் வரும் விளக்கம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "ஷீட் பைல் சுவரை மென்பொருளில் சரிபார்த்திருக்கிறோம், பாதுகாப்புக் காரணி 2.0 இருக்கிறது." பாதுகாப்புக் காரணி என்பது, தள்ளும் விசையைவிடத் தாங்கும் வலு எத்தனை மடங்கு என்று சொல்லும் எண். கேட்பவருக்கும் நிம்மதி, சொல்பவருக்கும் நிம்மதி. ஆனால் 2.0 என்பது எதன் மீது என்று சொல்லாதவரை அந்த வாக்கியம் பாதிதான். மண் அழுத்தக் கணக்கில் இந்தக் காரணியைப் போட ஐந்தாறு இடங்கள் உண்டு. எந்த இடத்தில் போடுகிறோம் என்பதைப் பொறுத்து, அதே சுவர் 2.0 ஆகவும் தெரியும், 1.23 ஆகவும் தெரியும். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறோம்.

ஷீட் பைல் என்பது ஒன்றோடொன்று கொக்கி போல மாட்டிக்கொள்ளும் இரும்புத் தகட்டுத் தூண்கள். ஸ்ட்ரட்டோ (குறுக்கே முட்டுக்கொடுக்கும் உத்தரம்) ஆங்கரோ (பின்மண்ணோடு இழுத்துக் கட்டும் கம்பி) இல்லாமல் தனியாக நிற்கும் சுவரென்றால், பள்ளத்தின் அடிமட்டத்துக்குக் கீழே புதைந்திருக்கும் பகுதிதான் அதைத் தாங்குகிறது. பின்னாலிருக்கும் மண் தள்ளுகிறது. முன்னால், அடிமட்டத்துக்குக் கீழே இருக்கும் மண் எதிர்த்து நிற்கிறது. எவ்வளவு ஆழம் புதைக்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி.

ஓர் எளிய கணக்கு. பள்ளம் 3 மீட்டர். உலர்ந்த மணல், உராய்வுக் கோணம் (மணல் துகள்கள் ஒன்றையொன்று எவ்வளவு பிடித்து நிற்கும் என்பதன் அளவு) 30 பாகை, எடை கனமீட்டருக்கு 18 கிலோநியூட்டன். சுவர் உராய்வு இல்லை, மேலே பாரம் இல்லை. தள்ளும் அழுத்தக் குணகம் (மேலிருக்கும் மண் எடையில் எவ்வளவு பக்கவாட்டு அழுத்தமாகிறது என்ற விகிதம்) மூன்றில் ஒரு பங்கு, எதிர்ப்புக் குணகம் 3. அடிநுனியைச் சுற்றித் திருப்புமை (விசையைத் தூரத்தால் பெருக்கியது) எடுத்தால், எந்தப் பாதுகாப்பும் சேர்க்காமல் 2.78 மீட்டர் புதைத்தால் சுவர் மயிரிழையில் நிற்கும். இதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இப்போது 2.0 என்ற காரணியைச் சேர்ப்போம். முன்பக்கத்து மொத்த எதிர்ப்பையும் 2 ஆல் வகுப்பது ஒரு முறை. 1951இல் வந்த பிரிட்டிஷ் தாங்குசுவர் விதித்தொகுப்பின் வழி அது. அப்படிச் செய்தால் 4.61 மீட்டர் புதைக்க வேண்டும். இரண்டு பக்க அழுத்தங்களையும் முதலில் கழித்துவிட்டு, மிஞ்சும் நிகர எதிர்ப்பை மட்டும் 2 ஆல் வகுப்பது இன்னொரு முறை. ஷீட் பைல் கையேடுகளில் நெடுங்காலம் இருந்த வழி. அப்படிச் செய்தால் 3.62 மீட்டர் போதும். அதே மண், அதே பள்ளம், அதே 2.0. வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் இரும்பு.

இந்த 3.62 மீட்டர் சுவரையே எடுத்து மற்ற முறைகளில் திருப்பிக் கணக்கிட்டுப் பார்த்தால் வேடிக்கை தெரியும். நிகர முறையில் 2.0. பர்லண்ட், பாட்ஸ், வால்ஷ் ஆகியோர் 1981இல் முன்வைத்த திருத்திய நிகர முறையில் 1.56. மொத்த எதிர்ப்பு முறையில் 1.47. மண்ணின் வலுவையே, அதாவது உராய்வுக் கோணத்தின் டேன்ஜெண்டை, இரண்டு பக்கமும் குறைத்துப் பார்த்தால் 1.23. வலுவை எதிர்ப்புப் பக்கம் மட்டும் குறைத்தால் 1.59. சுவர் ஒரு சென்டிமீட்டர்கூட மாறவில்லை.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. பிளாக்சிஸ் போன்ற மென்பொருளில் மண் வலுவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போய் எங்கே சரிகிறது என்று பார்த்தால் கிடைப்பது 1.23 வகை எண். வாலாப் போன்றவற்றில் எந்த முறை வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடம் உண்டு. அங்கே நிகர முறையில் டிக் அடித்தால் 2.0 வரும். பரிசோதிப்பவர் எண்ணை மட்டும் பார்த்தால் முதல் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு இரண்டாவது கோப்பில் கையெழுத்திடுவார். இரண்டும் ஒரே சுவர் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

விதித்தொகுப்புகளும் ஆளுக்கொரு இடத்தில்தான் காரணியைப் போடுகின்றன. ஐரோப்பிய விதித்தொகுப்பான யூரோகோட் 7இன் ஒரு சேர்க்கை உராய்வு டேன்ஜெண்டை 1.25 ஆலும், களிமண்ணின் வடியா வலுவை (உள்ளிருக்கும் நீர் வெளியேற நேரமில்லாத நிலையில் அதற்கு இருக்கும் வலு) 1.4 ஆலும் வகுக்கிறது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் 1994ஆம் ஆண்டு ஷீட் பைல் கையேடு, நீர் வடியும் மண்ணில் வழக்கமான நிலைக்கு 1.5 கேட்கிறது, ஆனால் எதிர்ப்புப் பக்கம் மட்டும். மேலே சொன்ன சுவர் யூரோகோட்டின் 1.25இல் மயிரிழையில் தோற்கும், அமெரிக்கக் கையேட்டின் 1.5இல் தேறிவிடும். 1.25 சிறிய எண், 1.5 பெரிய எண், கடுமை தலைகீழ். எந்த நாட்டு முறையாக இருந்தாலும் முழுதாக ஒன்றைப் பின்பற்றுவதில் தவறில்லை. இங்கிருந்து எண்ணும் அங்கிருந்து முறையும் எடுத்துச் சேர்ப்பதுதான் தவறு. நம்மூர்க் கோப்புகளில் ஷீட் பைல் சுவருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 9527 மூன்றாம் பகுதி என்று அட்டையில் எழுதிவிட்டு, உள்ளே மென்பொருளின் இயல்புத் தெரிவை அப்படியே விட்டுவைப்பது இந்தக் கலப்படத்தில்தான் சேரும்.

கணக்கிட்ட ஆழத்தோடு 20 விழுக்காடு கூட்டுகிறார்களே, அது பாதுகாப்புதானே என்று கேட்கலாம். தனியாக நிற்கும் சுவரின் அடிநுனியில் பின்பக்க மண்ணும் எதிர்த்துப் பிடிக்கிறது. கணக்கை எளிதாக்க அந்த விசையை நுனியில் ஒரு புள்ளியாக வைத்துக்கொள்கிறோம். அந்த விசை உண்மையில் உருவாகக் கொஞ்சம் நீளம் வேண்டும். அதற்குத்தான் இந்த 20 விழுக்காடு. எளிமைப்படுத்தியதற்குக் கட்டும் கடன் அது, சேமிப்பு அல்ல. துல்லியமான முறையில் கண்ட ஆழத்தை 20 முதல் 40 விழுக்காடு கூட்டி அதையே பாதுகாப்பாக எடுத்துக்கொள்ளும் பழைய அமெரிக்க வழக்கம் ஒன்றும் உண்டு. இரண்டிலும் அதே 20 வருவதால் குழப்பமும் வருகிறது.

களிமண்ணில் நிலைமை இன்னும் விசித்திரம். வடியா வலுவை வைத்துச் செய்யும் கணக்கில் மொத்த எதிர்ப்பை 2 ஆல் வகுத்தால், களிமண்ணின் சொந்த எடையால் வரும் பங்கும் பாதியாகிவிடும். கனமீட்டருக்கு 16 கிலோநியூட்டன் எடையுள்ள களிமண்ணில் ஒரு மீட்டர் கூடுதலாகப் புதைத்தால் பின்பக்கத் தள்ளல் 16 கிலோபாஸ்கல் கூடும், முன்பக்க எதிர்ப்பு 8 மட்டுமே கூடும். அதாவது ஆழமாகப் புதைக்கப் புதைக்கச் சுவர் மோசமாவதாகத் திரை காட்டும். பைலை நீட்டிக்கொண்டே போகும் இளம் பொறியாளர் மண்ணைச் சந்தேகிப்பார், தன்னைச் சந்தேகிப்பார், கடைசியில் எண் பச்சையாகும்வரை மண் வலுவைக் கொஞ்சம் ஏற்றிவிடுவார். தவறு காரணி போட்ட இடத்தில் இருக்கிறது. களிமண்ணில் வலுவைத்தான் குறைக்க வேண்டும்.

மென்மையான களிமண்ணுக்கு இன்னொரு எல்லையும் உண்டு. வடியா வலு 15 கிலோபாஸ்கல், எடை 16 என்றால், 3.75 மீட்டருக்கு மேல் தோண்டினால் தனிச்சுவர் எவ்வளவு ஆழம் புதைத்தாலும் நிற்காது, வலுவை 1.4 ஆல் வகுத்தால் அந்த எல்லை 2.7 மீட்டருக்கு இறங்கிவிடும். சரி, ஸ்ட்ரட் போட்டுவிடலாம் என்று 4 மீட்டர் தோண்டினால் பள்ளத்தின் அடி பொங்குமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். தோராயமாக, வலுவின் 6 மடங்கான 90ஐ, 64 மண் எடையும் 10 மேற்பாரமும் சேர்ந்த 74ஆல் வகுத்தால் வருவது 1.2. இது போதாது. சுவரின் சமநிலையை மட்டும் பார்க்கும் சிறு மென்பொருள்கள் இந்தக் கணக்கைச் செய்வதே இல்லை. சுவருக்கு 2.0 என்று பச்சை விளக்கு எரியும், அடி பொங்கும்.

எதிர்ப்புக் குணகத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலிலும் கண் வைக்க வேண்டும். அதே 30 பாகை மணலுக்கு, சுவர் உராய்வு இல்லாத ராங்கின் முறையில் 3. சுவர் உராய்வு 20 பாகை என்று கொடுத்துக் கூலோம் முறையைத் தேர்ந்தால் 6.1. வளைந்த சரிவுத்தளத்தை வைத்துச் செய்யும் முறைகளில் 5ஐ ஒட்டி வரும். கூலோமின் நேர்த்தளம் எதிர்ப்பை மிகைப்படுத்தும் என்பது பாடநூல் சொல்வதுதான். மணல் இறுகலாக இருந்தால் மிகை இன்னும் அதிகம். ஒரு மவுஸ் கிளிக்கில் எதிர்ப்பு இரட்டிப்பாகிறது என்றால், 2.0 காரணி முழுவதும் அந்தக் கிளிக்கிலேயே கரைந்துபோகலாம். வைப்ரோ ஹேமர் போட்டு இறக்கிய சுவரில், அதுவும் கிரீஸ் தடவி மறுபடி பிடுங்கப்போகும் தற்காலிகப் பைலில், 20 பாகை உராய்வு முழுதாகக் கிடைக்கும் என்று நாங்கள் நம்புவதில்லை.

இரும்பின் கனத்துக்கு வருவோம். அதே 3 மீட்டர் பள்ளத்தில், மண் வலுவைக் குறைக்காமல் பார்த்தால் உச்ச வளைவுத் திருப்புமை மீட்டர் நீளத்துக்கு 61 கிலோநியூட்டன் மீட்டர். வலுவை 1.25 ஆல் குறைத்துப் பார்த்தால் 95. நெகிழ்வு எல்லை (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம்) 240 மெகாபாஸ்கல் உள்ள இரும்பில், 95ஐ முழு எல்லைக்கு எதிரே வைத்தால் வேண்டிய செக்ஷன் மாடுலஸ் (வளைவைத் தாங்கும் குறுக்குவெட்டின் அளவு) மீட்டருக்கு 396 கன சென்டிமீட்டர். 61ஐ எல்லையின் 60 விழுக்காடான 144க்கு எதிரே வைத்தால் 422. இரண்டு வழியும் ஒன்றுக்கொன்று பக்கத்தில்தான் இருக்கின்றன; இரண்டும் சரி. ஆனால் புதைவாழத்தை ஒரு மென்பொருளிலும் இரும்பை வேறொரு எக்ஸெல் தாளிலும் பார்க்கும் அலுவலகத்தில் 61ஐ 240க்கு எதிரே வைத்துவிடுவார்கள். வருவது 253; இதில் எந்த இடத்திலும் பாதுகாப்பு இல்லை. அல்லது 95ஐ 144க்கு எதிரே வைப்பார்கள். 659, இரும்புக் கடைக்காரருக்கு மட்டும் லாபம். லார்சன் வகை யூ பைல்களில் கொக்கி நடு அச்சில் இருப்பதால், இரண்டிரண்டாக நெருக்கிப் பிணைக்காவிட்டால் அவை வழுக்கிப் பட்டியலில் சொன்ன மாடுலஸ் முழுதாகக் கிடைக்காது என்பதையும் இங்கேயே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் பார்வையில், காரணிகளைவிடப் பெரிய ஆபத்துகள் இரண்டு. ஒன்று அதிகத் தோண்டல். மொத்த எதிர்ப்பில் 1.5 வருமாறு 3.67 மீட்டர் புதைத்த சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேசிபி ஓட்டுநர் 30 சென்டிமீட்டர் கூடுதலாக வாரிவிட்டால் 1.5 என்பது 1.16 ஆகிறது. அரை மீட்டர் வாரினால் 0.97. அவ்வளவுதான், சுவர் சாய்ந்துவிட்டது. இது நடக்காத கற்பனை அல்ல. பைல் கேப்புக்கும் வடிகால் கால்வாய்க்கும் சம்புக்கும் சுவரை ஒட்டிக் குழி வெட்டும்போது அரை மீட்டர் சாதாரணமாகப் போகும். இதனால்தான் யூரோகோட், தனிச்சுவரென்றால் உயரத்தில் 10 விழுக்காடு, அதிகபட்சம் அரை மீட்டர், கூடுதலாகத் தோண்டியதாகவே வைத்துக் கணக்கிடச் சொல்கிறது. நம் உதாரணத்தில் அப்படி 0.3 மீட்டர் சேர்த்து, வலுவையும் 1.25 ஆல் குறைத்தால், புதைவு 3.68இலிருந்து 4.35 மீட்டராகும். மென்பொருளில் இதற்கு ஒரு சிறு பெட்டி இருக்கும். பல கோப்புகளில் அது பூஜ்ஜியம். பள்ளத்தின் விளிம்பில் அடுக்கும் கம்பிக் கட்டும், வந்து நிற்கும் ரெடிமிக்ஸ் லாரியும் இதே கணக்கில் சேரும். 10 கிலோபாஸ்கல் மேற்பாரம் என்பது சுவருக்குப் பின்னால் இன்னும் அரை மீட்டருக்கு மேல் மண் கொட்டியதற்குச் சமம்.

இரண்டாவது தண்ணீர். உலர்ந்த மணலில் 3 மீட்டர் ஆழத்தில் தள்ளும் அழுத்தம் 18 கிலோபாஸ்கல். பின்னால் தண்ணீர் தரைமட்டம்வரை ஏறிவிட்டால், தண்ணீர் மட்டுமே 30, மூழ்கிய மண் இன்னொரு 10, மொத்தம் 40. சுவரின் மீட்டர் நீளத்துக்கு மண் மட்டும் 27 கிலோநியூட்டன் தள்ளிய இடத்தில், மண்ணும் தண்ணீரும் சேர்ந்து 60 தள்ளுகின்றன. அத்தோடு போகவில்லை. பின்பக்கத் தண்ணீர் பைலின் அடியைச் சுற்றி முன்பக்கம் மேலேறும்போது, எதிர்த்து நிற்க வேண்டிய மணலைத் தூக்கிவிடுகிறது. 3.67 மீட்டர் புதைவில் தண்ணீரின் சராசரிச் சரிவு (மட்ட வித்தியாசத்தை அது ஓடும் நீளத்தால் வகுத்தது) 0.29; மூழ்கிய எடை 10 என்றிருந்த மணல் 7 போல நடந்துகொள்ளும். தள்ளுவது இரண்டு மடங்குக்கு மேல், தடுப்பது பாதிக்கும் கீழ். மண் வலுவின் மீது போட்ட எந்தக் காரணியும் இதற்கு ஈடு கொடுக்காது, ஏனென்றால் தண்ணீருக்கு உராய்வுக் கோணம் இல்லை. நீர்மட்டத்தைச் சரியாகக் கொடுப்பது ஒன்றே வழி. சென்னையில் மே மாதம் போர்ஹோல் போட்டு எடுத்த நீர்மட்டத்தை நவம்பரில் திறந்து கிடக்கப்போகும் பள்ளத்துக்குக் கொடுக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரியில் கட்டுமானப் பள்ளம் சரிந்து இருவர் இறந்தார்கள். அந்தச் சம்பவத்தின் காரணத்தைத் தீர்ப்பது எங்கள் வேலையல்ல. வடகிழக்குப் பருவமழையில் ஒரு பள்ளம் திறந்திருக்கும் என்றால், வடிவமைப்பு நீர்மட்டம் தரைமட்டம்தான் என்று மட்டும் சொல்வோம்.

மென்பொருள் தெரிவு ஒன்று எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்குச் சிங்கப்பூர் சாட்சி. 2004 ஏப்ரல் 20 அன்று பிற்பகல், வட்டப்பாதை ரயிலுக்காக நிகோல் நெடுஞ்சாலை அருகே தோண்டிய ஆழ்பள்ளம் சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். அங்கே இருந்தது ஷீட் பைல் அல்ல, மண்ணில் அகழி வெட்டி வார்த்த கான்கிரீட் டயஃப்ரம் சுவர். பள்ளமும் சுமார் 30 மீட்டர் ஆழம். ஆனால் பாடம் எல்லாத் தாங்குசுவருக்கும் பொது. மென்மையான கடல் களிமண்ணுக்கு நேரடியாக அளந்த வடியா வலுவைக் கொடுக்காமல், வடிந்த நிலைக்கான உராய்வுக் கோணத்தைக் கொடுத்து, வடியா நிலை என்று மென்பொருளில் ஒரு தெரிவைச் செய்திருந்தார்கள். உண்மையில் அத்தகைய களிமண்ணை அழுத்தினால் துளைநீர் அழுத்தம் (துகள்களுக்கு இடையே உள்ள நீரின் அழுத்தம்) ஏறி, மண் சீக்கிரமே கைவிட்டுவிடும். மென்பொருளின் எளிய கணித மாதிரிக்கு அது தெரியாது. வலு அதிகம் என்று எடுத்துக்கொள்ளும். சுவரின் வளைவையும் திருப்புமையையும் ஏறக்குறைய பாதியாகவே அது காட்டியது என்று விசாரணைக் குழு கண்டது. ஸ்ட்ரட்டும் வேலரும் (சுவரை ஒட்டிக் கிடையாக ஓடும் உத்தரம்) சேரும் இணைப்பு தேவையான வலுவில் வடிவமைக்கப்படவில்லை. தகட்டு விறைப்பான்களுக்குப் பதில் சி சேனல்கள் வைத்தது அதை இன்னும் மோசமாக்கியது. ஒன்பதாம் மட்டத்தில் அந்த இணைப்புகள் நொறுங்கியபோது மற்ற ஸ்ட்ரட்டுகளுக்கு அந்தப் பாரத்தை ஏற்க முடியவில்லை. இதற்கிடையே, அளவீடுகள் எச்சரிக்கை எல்லையைத் தாண்டியபோது, கணக்கைத் திருப்பிச் செய்து எல்லையையே உயர்த்திக்கொண்டதும் நடந்திருக்கிறது. வலுக் குறைப்புக் காரணி 1.2ஓ 1.5ஓ, அதை எந்த வலுவிலிருந்து குறைக்கத் தொடங்குகிறோம் என்பது அதைவிட முக்கியம்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. கட்டட அனுமதிக்குக் கட்டமைப்பு வரைபடங்கள் வரும்போது, தற்காலிகத் தாங்குசுவருக்கு என்று ஒரே ஒரு பக்கம் கேட்டால் போதும். காரணி எதன் மீது போடப்பட்டது: மொத்த எதிர்ப்பா, நிகர எதிர்ப்பா, மண் வலுவா, ஒரு பக்கமா இரு பக்கமுமா. உராய்வுக் கோணமும் களிமண் வலுவும் எந்த ஆழத்தில் எந்தச் சோதனையில் வந்தவை, எஸ்.பி.டி. (குழாயைச் சுத்தியலால் மண்ணுக்குள் அடித்து இறக்கும் சோதனை) அடி எண்ணிக்கையிலிருந்து அட்டவணை பார்த்து எடுத்ததென்றால் அப்படியே சொல்லட்டும். எதிர்ப்புக் குணகம் எந்த முறையில், சுவர் உராய்வு எத்தனை பாகை. அதிகத் தோண்டல் எவ்வளவு சேர்த்தது. இரண்டு பக்க நீர்மட்டம், எந்த மாதத்துக்கு. திருப்புமை காரணி சேர்த்ததா சேர்க்காததா, இரும்பில் எந்த அழுத்தத்தோடு ஒப்பிட்டது. ஸ்ட்ரட் இருந்தால், அதைப் போடுவதற்கு முந்தைய கட்டமும் கழற்றிய பிந்தைய கட்டமும் தனித்தனியாக. பல சுவர்கள் வளைவது கடைசி ஆழத்தில் அல்ல, ஸ்லாப் போடும் அவசரத்தில் ஸ்ட்ரட்டை முன்கூட்டியே கழற்றும்போதுதான். கடைசியாக, மேலே காட்டியது போல அரைப் பக்கக் கைக்கணக்கு ஒன்று. திரையில் வந்த ஆழமும் கையில் வந்த ஆழமும் 10 விழுக்காட்டுக்கு மேல் விலகினால், ஏன் என்று ஒரு வரி.

தளத்திலும் இரண்டு மலிவான காரியங்கள் உண்டு. எவ்வளவு ஆழம்வரை தோண்டலாம் என்று பைலின் மேலேயே சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டு, அதிலிருந்து இறங்கும் ஆழத்தை மீட்டரில் எழுதிவிடலாம். ஓட்டுநருக்கு அது போதும். சுவருக்குப் பின்னால் ஒன்றிரண்டு இடத்தில் துளையிட்ட பிவிசி குழாயை இறக்கி, வாய்க்கு மூடி போட்டுவைத்தால், மழைக் காலத்தில் தினம் காலையில் ஒரு டேப்பை விட்டு நீர்மட்டம் பார்க்கலாம். கணக்கில் எடுத்த மட்டத்தை அது தாண்டினால் பள்ளத்துக்குள் ஆளை இறக்கக் கூடாது.

இப்படிக்கு,
மண்ணியல், கட்டமைப்புப் பொறியாளர்கள் சிலர்,
சென்னை.